கதை சொல்லிச் சாப்பிட முடியுமா?

கேள்வி: ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ‘ஹி டைன்ட் அவுட் ஆன் தட் ஸ்டோரி ஃபார் இயர்ஸ்’ என்று ஒரு வரி படித்தேன். ‘டைன் அவுட்’ என்றால் வெளியே போய்ச் சாப்பிடுவதுதானே? கதைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: கதை சொல்லத் தெரிந்தவருக்கு உண்மையிலேயே கிடைத்த சாப்பாடுதான் இது. கைவசம் ருசியான அனுபவம் ஒன்று இருந்தால், அதைக் கேட்பதற்காகவே விருந்துக்கு அழைப்பார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்றும் அதிகம் புழங்கும் இந்தத் தொடரில் இப்போது விருந்து கழன்றுவிட்டது. தனக்கு நேர்ந்த ஒன்றைப் பல இடங்களில், பல பேரிடம் சொல்லி ரசிக்கவைப்பது என்பதே பொருள். டீக்கடையில் சொன்னாலும் பொருந்தும். உங்கள் வரியை ‘அந்த ஒரு கதையைச் சொல்லிச் சொல்லியே பல வருஷம் பேர் வாங்கினார்’ எனலாம்.

சறுக்குவது பெரும்பாலும் ‘ஆன்’ என்ற சின்னச் சொல்லில்தான். அதை விட்டால் வெறும் ஓட்டல் சாப்பாடு ஆகிவிடும். அதற்கு அடுத்து வருவதையும் கவனியுங்கள். ‘டைன் அவுட் ஆன் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை வெளியில் சாப்பாடு. ‘ஸ்டோரி’, ‘தட் ட்ரிப்’, ‘இட்’ போன்றவை வந்தால்தான் நம் பொருள். ‘ஆன்’ இருக்குமிடத்தில் ‘அபவுட்’ போடக் கூடாது. மூன்று சொல்லும் ஒட்டியே நிற்பதால் ‘டைன் இட் அவுட் ஆன்’ தவறு, ‘டைன் அவுட் ஆன் இட்’ சரி.

ஒரே ஒருமுறை சொன்னதற்கு இது ஒட்டாது. ‘ஃபார் இயர்ஸ்’, ‘எவர் சின்ஸ்’ மாதிரி காலம் காட்டும் சொல் அடிக்கடி கூட வரும்: ‘ஷி ஹாஸ் பீன் டைனிங் அவுட் ஆன் இட் எவர் சின்ஸ்’. ‘அவுட்’டை அழுத்திச் சொல்லிப் பழகுங்கள்.

பேச்சுவழக்குத் தொடர் என்பதால் அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். துக்கச் செய்திக்கு வேண்டவே வேண்டாம். பிறரைப் பற்றிச் சொன்னால் லேசான கிண்டல் தொனிக்கும், ஆள் பார்த்துச் சொல்லுங்கள்.

பலர் இதை ‘ட்ராட் அவுட்’டோடு குழப்பிக்கொள்கிறார்கள். விற்க வந்த குதிரையை ஓடவிட்டுக் காட்டுவதிலிருந்து பிறந்தது அது. பழைய சாக்கையே மறுபடி எடுத்துவிட்டு, அரைத்த மாவையே அரைப்பவரைச் சலிப்போடு சொல்வது. அங்கே மட்டும் ‘ட்ராட் இட் அவுட்’ என்று நடுவில் ‘இட்’ புகலாம்.