முதலில் வாங்கியதைப் படி என்கிறார் கணவர்

கேள்வி: வயது 38. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதம் ஒருமுறை சேலத்துக்கு இறங்கினால், பழைய புத்தகக் கடையில் நாலைந்து புத்தகமாவது வாங்காமல் மலை ஏற மனசு வராது. புத்தகத் திருவிழா வந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டில் 400 புத்தகங்கள் இருக்கின்றன. போன வாரம் எண்ணிப் பார்த்தேன், 150 இன்னும் படிக்காதவை. ‘முதலில் வாங்கியதைப் படி, அப்புறம் அடுத்ததை வாங்கு’ என்கிறார் கணவர். மாமியார் எடைக்குப் போடச் சொல்கிறார். அலமாரியைப் பார்த்தால் எனக்கே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. இந்த வருஷம் ஒரு புத்தகமும் வாங்குவதில்லை, திருவிழாவுக்கும் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இது ஏதாவது வியாதியா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புச் சகோதரி,

வியாதி எல்லாம் இல்லை. அந்த முடிவை மட்டும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், நீங்கள் கணக்கு எழுதுபவர். இரண்டு வாரத்துக்கு ஒரு புத்தகம் படித்தால் வருஷத்துக்கு 26. 150 புத்தகங்கள் என்பது ஏறக்குறைய ஆறு வருஷத்துக்கான படிப்பு. 38 வயதில் கையில் ஆறு வருஷத்துக்குப் படிக்க இருக்கிறது என்றால் அதைக் கடன் பக்கத்தில் ஏன் எழுதுகிறீர்கள்? அது கையிருப்பு. மாசி, பங்குனியில் வருஷத்துக்கான புளியை வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்து வைக்கிறோம். இருக்கிற புளி தீரட்டும் என்று எந்த மாமியாரும் சொன்னதில்லை. வீட்டில் இருக்கிறது என்ற நிம்மதிக்காகத்தானே வாங்குகிறோம்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில், நட்சத்திரங்களை அடையாளம் காண்பது பற்றிய ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தது. முதல் பக்கத்தில் யாரோ பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி, பதினோரு வருஷம் திறக்கவில்லை. நடுவில் இரண்டு முறை வீடு மாறினோம். இரண்டு முறையும் ‘இது எதற்கு?’ என்ற கேள்வி வந்தது. அப்புறம் ஒரு மே மாதம், ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போனோம். தெரு முழுக்க இருட்டு. தெற்கே ஜருகுமலைப் பக்கம், வானத்தில் தாழ்வாக நாலு நட்சத்திரம் பட்டம் மாதிரி நின்றது. ‘அது என்னம்மா?’ என்றாள் மகள். எனக்குத் தெரியவில்லை. கீழே ஓடிப்போய் டார்ச் வெளிச்சத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நகத்தால் மெதுவாகப் பிரித்தோம். படம் இருந்தது. திரிசங்கு! ஊரெல்லாம் கரண்ட் வந்த பிறகும் நாங்கள் இறங்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் அதை உடனே படித்திருந்தால், அன்றைக்கு ஒரு வரிகூட நினைவில் இருந்திருக்காது.

வாங்குகிற நேரம் வேறு, படிக்கிற நேரம் வேறு. உங்கள் கணவர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார். அவரிடம் காப்பிச் செடியைக் காட்டுங்கள். மொட்டுக் கட்டி வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். மழை வராத வரைக்கும் அந்த மொட்டுகளை யாரும் வீண் என்று சொல்வதில்லை. எஸ்டேட்டில் இருக்கிற உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

வைத்திருக்கிற புத்தகம் எல்லாம் நமக்காகத்தான் காத்திருக்கிறது என்றும் இல்லை. சேலம் இராமசாமி முதலியார் என்று ஒரு முன்சீப் இருந்தார். 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில், 25 வயதுத் தமிழாசிரியர் ஒருவர் அவரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஆசிரியர் நீளமாக அடுக்கினார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முதலியார். அவர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தன்னிடம் இருந்த பிரதியை முதலியார் அவரிடம் கொடுத்தார். அந்த ஆசிரியர் உ.வே.சாமிநாதையர். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதைத் தொடர்ந்து சங்க நூல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்ததை நாடறியும். நம்ம ஊர்க்காரர் ஒருவர் ‘எனக்குப் பிரயோசனம் இல்லை’ என்று அந்தப் பிரதியைக் கழித்துக் கட்டியிருந்தால்? எனக்கு நினைத்தாலே பதறுகிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். பெயர்ப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். நாளுக்கு ஒன்று படித்தாலும் 270 வருஷத்துக்கு மேல் ஆகும். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. எடைக்குப் போட்டிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும்?

சரி, பணம். கடன் வாங்கியோ, வீட்டுச் செலவில் கை வைத்தோ வாங்குகிறீர்கள் என்றால் கணவர் கேட்பது நியாயம். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதற்குள் என்ன வாங்கினாலும் கேள்வி வேண்டாம் என்றும் அப்போதே பேசிவிடுங்கள்.

உங்கள் ஊரில் எனக்கு உண்மையான கவலை ஈரம்தான். மூடுபனியும் மழையும் மாசக்கணக்கில் விடாத இடத்தில் புத்தகத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், கை நுழைகிற அளவு இடம் விடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்க வேண்டாம். இரும்பு பீரோவில் பூட்டி வைப்பது மலைக்கு ஆகவே ஆகாது. மழை விட்ட நாளில் எடுத்து நிழலில் காற்றாட விரியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அடிக்கடி எடுத்துப் புரட்டுவது. படிக்காவிட்டாலும் பரவாயில்லை. கை படுகிற புத்தகத்தில் பூச்சி குடியேறுவது குறைவு. அப்படிப் புரட்டும்போது எத்தனையோ முறை நின்றபடியே முப்பது பக்கம் படித்திருக்கிறேன்.

சரஸ்வதி பூஜை அன்று நாம் என்ன செய்கிறோம்? புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்குப் படிக்கக் கூடாது என்று விட்டுவிடுகிறோம். மறுநாள் காலை எடுத்து நாலு வரியாவது படிக்கிறோம். இந்த வருஷம் படித்த புத்தகங்களுக்குப் பதிலாக, படிக்காத 150ஐயும் அடுக்குங்கள். விஜயதசமி அன்று மாமியாரையே ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவர் கையில் எது வருகிறதோ, அதிலிருந்து அவருக்கு இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள்.

புத்தகத் திருவிழாவுக்குக் கட்டாயம் போங்கள். பத்து சதவீதக் கழிவு உண்டு. கணவரையும் கூட்டிக்கொண்டு போய், அவருக்குப் பிடித்ததை அவர் கையாலேயே ஒன்று வாங்க வையுங்கள். திரும்பும்போது பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் புதுப் புத்தகத்தைப் புரட்டாமல் இருக்க உங்களால் முடியாது, பின் சீட்டு என்றால் தலை சுற்றும்.