கட்டுச்சோறு கட்டியவர்கள்

அன்புள்ள ஐயா,

காவிரிக் கரை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஓசூரில் வேலை. அப்பாவின் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். சிறுவயதில் ஆடி 18 வந்துவிட்டால் பெரியப்பா, சித்தப்பா, அத்தைகள் என்று வீடு நிறைந்துவிடும். காலையில் படித்துறையில் பூஜை, பிறகு கட்டுச்சோறு, சாயங்காலம் எல்லோரும் பஸ் பிடித்துக் கல்லணை. 2016இல் அப்பா காலமான பிறகு யாரும் கூடுவதில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறார். ஆடி 18 என்று எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார்.

போன விடுமுறையில் பிள்ளைகளை ஏற்காட்டில் ஒரு விடுதிக்குக் கூட்டிப்போனேன். வசதிக்குக் குறைவில்லை. இரண்டாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நாங்கள் அன்று உண்மையிலேயே அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தோமா, இல்லை, வயதாக வயதாக நான்தான் அந்த நாட்களுக்கு வண்ணம் பூசிக்கொள்கிறேனா? எல்லோரையும் மறுபடி கூட்ட நினைப்பது வீண் ஆசையா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

மகிழ்ச்சியாகத்தான் இருந்தீர்கள். அந்த நினைவைச் சந்தேகிக்க வேண்டாம். எட்டு வயதில் சப்பரம் என்னும் சிறு விளையாட்டுத் தேரை இழுத்துக்கொண்டு அண்ணன் தம்பிகளோடு தெருவில் ஓடிய குழந்தைக்கு அன்று ஒரு குறையும் இருந்திருக்காது. ஏற்காட்டில் உங்கள் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது அந்த ஓட்டமும் கூட ஓடும் கூட்டமும்தான். பெற்றோரும் ஒரு ஜன்னலும் மட்டும் எத்தனை நாளைக்குப் போதும்?

ஆனால் அதே நாள் அந்த வீட்டில் சிலருக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த நாளாக இருந்தது. நாம் வளர்ந்த பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியது அங்கேதான்.

எங்கள் வீடு திருவையாற்றில். ஆனி மாதக் கடைசியிலேயே அப்பா அஞ்சலட்டை எழுத உட்கார்ந்துவிடுவார். சமையல் முழுக்கப் பெரிய அத்தையின் பொறுப்பு. முதல் நாளே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும், மேலே நல்லெண்ணெய் மிதக்க. விடிவதற்கு வெகு முன்பே எழுந்து சோற்றை உதிரியாக வடித்து, பெரிய தாம்பாளங்களில் கொட்டி, எண்ணெய் விட்டு, பருக்கை உடையாமல் விசிறி ஆற்றுவார். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் விட வேண்டும், இல்லையென்றால் கசந்துவிடும். தேங்காய்ச் சோறு வெயில் ஏறினால் தாங்காது. அதனால் கரையில் முதலில் திறப்பது அந்தப் பாத்திரம். தயிர்ச்சோறு என்று பெயர்தானே தவிர, குழைந்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிரை மட்டும் கலந்து வைப்பார். நண்பகலில் நாங்கள் சாப்பிடும்போது அது புளிக்காமல் அப்போதுதான் உறைந்திருக்கும். இத்தனை கணக்கும் அவர் மனதில் இருந்தது, ஒரு காகிதத்தில் இல்லை.

தூக்குகளையும் அடுக்குகளையும் வாசற்படி வரை கொண்டுவந்து எங்களிடம் கொடுப்பார். அதற்கு மேல் அவர் வரமாட்டார். கணவரை இழந்தவர். புஷ்ய மண்டபத் துறையில் ஆற்று மண்ணில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, காப்பரிசி, விளாம்பழம் எல்லாம் வைத்துப் படைத்து, மூத்த சுமங்கலி ஒருவர் எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். புதிதாகக் கல்யாணமானவர்கள் தாலி பிரித்துக் கோர்த்துக்கொள்வார்கள், கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். அந்த இடத்தில் அத்தைக்கு வேலை இல்லை என்று எப்போதோ யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஐந்து வகைச் சோறும் கட்டியவர் வீட்டில் இருந்தார். வரச்சொல்லி யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. குழந்தைகளின் கண்ணில் இது படவே இல்லை. சோறு மட்டும்தான் கண்ணில் பட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அம்மாவைப் பற்றியது. அவர் பேச்சை மாற்றுவதைத் துக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016 ஆடி வரை அந்தப் படித்துறையில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அப்பாவோடு அதுவும் போயிற்று. தனக்கு இடமில்லாத விழாவைப் பற்றி அவர் எதற்காக ஆசையாகப் பேச வேண்டும்?

கூட்டம் கலைந்ததற்கு ஆற்றுக்கும் பங்கு உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டும். அப்போதுதான் ஆடி 18க்கு நம் பக்கம் காவிரி நிறைந்து வரும். 2016இல் செப்டம்பர் 20இல் திறந்தார்கள். 2017இல் அக்டோபர் 2. 2019இல் ஆகஸ்ட் 13, அதாவது பெருக்கு கழிந்து பத்து நாள். மணலில் ஊற்றுத் தோண்டியும் குழாயடியில் நின்றும் ஜனங்கள் படைத்துவிட்டுப் போனார்கள். பிறகு 2020இலும் 2021இலும் கொரோனாவுக்காகப் படித்துறைகளை அடைத்தார்கள். கூப்பிடுகிற உங்கள் அப்பாவும் இல்லை, ஆற்றில் தண்ணீரும் இல்லை, பிறகு தொற்று. இத்தனை ஆண்டு வராமல் இருந்துவிட்டால் உறவுக்காரர்களுக்கு வராமல் இருப்பதே பழகிப்போகும். அன்பு குறைந்துவிட்டது என்று நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். 2022இல் மே 24இலேயே அணை திறந்து காவிரி கரை புரண்டு வந்தபோது, யாராவது ஒருவர் போன் எடுத்திருந்தால் உங்கள் வீட்டிலும் பாதிப் பேராவது வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே வீண் ஆசை இல்லை. கூப்பிடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பழையபடி பத்து நாள் கூட்டம் வேண்டாம், ஒரு பகல் போதும். ஆடி 18 வேலை நாளில் விழுந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், காவிரி கோபித்துக்கொள்ள மாட்டாள். ஐந்து சோற்றையும் ஒரே பெண்ணின் தலையில் கட்டாதீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சோறு என்று பிரித்துக் கொடுங்கள். புளியோதரையைச் சித்தப்பா வீட்டு ஆண்பிள்ளைகள் கிளறட்டும், கையொன்றும் தேய்ந்துவிடாது. உங்கள் பிள்ளைகளுக்குச் சப்பரம் கட்டக் கற்றுக்கொடுக்க ஊரில் இன்னும் ஆள் இருப்பார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீர்வரத்து மிகுந்த ஆண்டுகளில் கல்லணையிலும் படித்துறைகளிலும் இறங்கக் கூடாது என்று தடை போடுவார்கள். மீறிப் போகாதீர்கள். கொள்ளிடத்தின் இழுப்பு குழந்தைகளுக்குத் தெரியாது.

ஆனால் சித்தப்பாவுக்குப் போன் போடும் முன் அம்மாவிடம் பேசுங்கள். "நீ வீட்டில் இரு, நாங்கள் போய்வருகிறோம்" என்ற பேச்சே இந்த முறை இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவரும் படியிறங்கி வர வேண்டும். உங்கள் பிள்ளைகளின் கையில் மஞ்சள் கயிற்றை அவர் கட்ட வேண்டும். முதலில் மறுப்பார், ஊர் என்ன சொல்லும் என்பார். அங்கே யாராவது முகம் சுளித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவரைப் பேச வைக்காதீர்கள். அவர் சம்மதித்த பிறகு மற்றவர்களைக் கூப்பிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும், அதற்குள் தேதியைச் சொல்லிவிட்டால் வெளியூரில் இருப்பவர்களுக்கும் டிக்கெட் கிடைக்கும்.