நேரில் மோதாத மாத்திரைகள்

அன்புள்ள ஐயா,

மருந்து ஆய்வுகளைப் பற்றிச் சென்ற மாதம் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். பதினோரு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் (சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை), எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு வேறு மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன். அண்மையில் என் மருமகன் கைப்பேசியில் ஒரு தரவரிசையைக் காட்டினார். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததாம். 22 ஆய்வுகளைச் சேர்த்து நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸ் என்ற முறையில் கணக்கிட்டதாம். என் நீர் மாத்திரை அதில் கடைசி இடத்தில் இருக்கிறது. அப்பட்டியலில் உள்ள மருந்துகளில் சில ஒன்றோடொன்று நேராக ஒப்பிடப்படவே இல்லை என்றும் அவர் சொல்கிறார். ஒரே தேர்வை எழுதாத மாணவர்களுக்கு ரேங்க் போடுவது எந்த ஊர் நியாயம்? மாத்திரையை மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேட்கட்டுமா?

ஓர் ஆசிரியர், தண்டையார்பேட்டை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரே தேர்வை எழுதாதவர்களை ஒப்பிடவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். நம் பக்கத்துக் கேரம் மன்றங்களையே எடுத்துக்கொள்வோம். ராயபுரத்து ஆட்டக்காரர் ஒருவரும் வியாசர்பாடி ஆட்டக்காரர் ஒருவரும் நேருக்கு நேர் ஆடியதே இல்லை. ஆனால் இருவரும் வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஒரே ஆளை வென்றிருக்கிறார்கள், ராயபுரத்தார் பத்துப் புள்ளி வித்தியாசத்திலும் வியாசர்பாடிக்காரர் ஆறு புள்ளி வித்தியாசத்திலும். ராயபுரத்தார் நான்கு புள்ளி மேல் என்று நாம் ஊகிப்போம். மறைமுக ஒப்பீட்டின் அடிப்படை இவ்வளவுதான். 1997இல் பூக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை முறையான கணக்காக்கினார்கள். 2002இல் லம்லி என்ற புள்ளியியலாளர் அதைப் பல மருந்துகள் கொண்ட வலையாக விரித்தார். தங்கள் மருமகன் சொன்ன நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸ் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒப்பிடப்படுவது வித்தியாசங்களே தவிர ஆட்கள் அல்லர் என்பது. ஓர் ஆய்வில் 'அ' மருந்து சாப்பிட்டவர்களையும் வேறோர் ஆய்வில் 'ஆ' மருந்து சாப்பிட்டவர்களையும் அப்படியே அருகருகே வைத்தால், குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து இரு பிரிவினரையும் ஒத்தவர்களாக்கியதன் பயன் முழுவதும் போய்விடும். (அந்தப் பயனை நம் ஊர் நன்றாகவே அறியும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இப்படித்தான் வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியத்துக்கும் பிரித்தது. நெருக்கடியான வீடுகளில் குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளிவந்த முடிவை உலகம் நம்பியதற்கு அந்தக் குலுக்கலே காரணம்.)

தாங்கள் கணித ஆசிரியர் என்பதால் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 'இ' என்ற பழைய மருந்தைவிட 'அ' 10 புள்ளியும் 'ஆ' 6 புள்ளியும் கூடுதலாக அழுத்தத்தைக் குறைக்கின்றன என்றும், இரண்டு அளவீடுகளின் திட்டப்பிழையும் (அளவீடு எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு) 2 என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதன் 95 விழுக்காட்டு எல்லை, அதாவது உண்மை விடை பெரும்பாலும் அடங்கும் எல்லை, ஏறத்தாழ 6 முதல் 14 வரை. இரண்டாவதன் எல்லை 2 முதல் 10 வரை. இரண்டுமே தெளிவான வெற்றிகள். 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையே 4 புள்ளி வித்தியாசம் வருகிறது. ஆனால் கழிக்கும்போது பிழைகளின் வர்க்கங்கள் கூடுகின்றன. நான்கும் நான்கும் எட்டு, அதன் வர்க்கமூலம் சுமார் 2.8. எல்லை மைனஸ் 1.5இலிருந்து 9.5 வரை விரிந்து, பூஜ்யத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது; அதாவது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம். இந்த வழியில் ஒரு நேரடி ஒப்பீட்டின் துல்லியத்தை எட்ட, அதே அளவுள்ள நான்கு ஆய்வுகள் வேண்டும். ரேங்க் பட்டியலோ 'அ' முதல், 'ஆ' இரண்டு என்று மட்டுமே சொல்லும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கேரம் பலகையில் இருக்கிறது. ராயபுரத்தார் பவுடர் போட்ட வழுக்கும் பலகையிலும், வியாசர்பாடிக்காரர் கடற்காற்றில் ஈரமேறிய பலகையிலும் அந்த வண்ணாரப்பேட்டை ஆளைச் சந்தித்திருந்தால், பொது எதிரி பெயரளவில்தான் பொது. ரத்த அழுத்த ஆய்வுகளில் இது வெறும் பயமன்று. 1985இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வில் இருந்தவர்கள் 35 முதல் 64 வயது வரையிலான, லேசான அழுத்தம் உடையவர்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு நீர் மாத்திரையும் வேறொரு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. 2002இல் வெளியான ஆல்ஹாட் என்ற ஆய்வின் 33,357 பேரும் 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், இதய நோய்க்கான வேறோர் ஆபத்தும் உடையவர்கள். அங்கே குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையோடு ஆம்லோடிபின், லிசினோபிரில் என்ற வேறு வகை அழுத்த மருந்துகள் மோதின. நீர் மாத்திரையின் பயன் வயதையோ நோயின் கடுமையையோ பொறுத்து மாறுமானால், அதை நடுவில் வைத்துப் போடும் கணக்கும் கோணலாகும். நேரடி ஒப்பீடும் இருக்கும் இடங்களில் அதன் விடையும் சுற்றுவழியின் விடையும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கலாம். நேரடி ஒப்பீடே இல்லாத இடத்தில் ஆய்வுகளின் நோயாளிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி தங்கள் மருமகன் காட்டிய பட்டியல். அது இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 22 ஆய்வுகளிலிருந்து 1,43,153 பேரின் விவரங்களைத் திரட்டிச் செய்தது. நீர் மாத்திரை அதில் கடைசி என்பது உண்மை. ஆனால் எதில் கடைசி? மாரடைப்பைத் தடுப்பதிலோ பக்கவாதத்தைத் தடுப்பதிலோ அன்று. எந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வருகிறது என்ற ஒரே கேள்விக்கான வரிசை அது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2003இல், ஜாமா என்ற மருத்துவ இதழில் இதே முறையில் 42 ஆய்வுகளையும் 1,92,478 பேரையும் தொகுத்தபோது, மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்ற எந்த விளைவிலும் குறைந்த அளவு நீர் மாத்திரையைத் தெளிவாக மிஞ்சிய மருந்து ஒன்றும் இல்லை என்ற முடிவு கிடைத்தது. ஒரே மாத்திரை ஒரு வரிசையில் தலை, மற்றொன்றில் வால். ரேங்க் பட்டியலைக் கையில் வாங்கியதும் எந்தப் பாடத்துக்கான மதிப்பெண் என்று பார்ப்பது ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தாங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. 2007ஆம் ஆண்டுப் பட்டியலில் கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் தொடக்கத்தில் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். எட்டு ஆண்டுகளாக அந்நோய் உள்ள தங்களைப் பற்றி அப்பட்டியல் எதுவுமே சொல்லவில்லை. எனவே அதைக் காட்டி மாத்திரையை மாற்றச் சொல்ல வேண்டாம். தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். நான் மருத்துவன் அல்லன். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவரின் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கினால், சிறுநீரகத்தைக் காக்க வேறு வகை அழுத்த மாத்திரைகளை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது செய்துகொண்டீர்கள் என்று பார்த்து, அடுத்த முறை போகும்போது அதைப் பற்றிக் கேளுங்கள்.