ஹாஷிமோட்டோ தைராய்டு: மாத்திரை, காபி, எடை – கேள்வி பதில்

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியை அரிக்கும் நோய் இது. 1912-ல் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்ததால் அவர் பெயர். ரிப்போர்ட்டில் ‘ஆன்ட்டி டிபிஓ’ (தைராய்டுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) கூடுதல் என்று வந்தவர்கள் கேட்டவை:

கே: டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சுரப்பு குறைந்தால் இது ஏறும்) 18. ஒரு வருடத்தில் 14 கிலோ ஏறிவிட்டது. எல்லாம் தைராய்டால்தானே, மேடம்?

எல்லாம் இல்லை. சுரப்பு குறைவதால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ. அதிலும் பெரும்பங்கு உடம்பில் தங்கிய உப்பும் நீரும்தான். மாத்திரை அளவு சரியானதும் வடிந்துவிடும். மீதிக்குக் காரணம் சோர்வில் நின்றுபோன நடையும் தட்டில் விழுவதும். எடை குறையும் என்று நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். எடை இறங்குகிறதோ இல்லையோ, படபடப்பு வரும். நாளடைவில் எலும்பும் வலுவிழக்கும்.

கே: தைராய்டு மாத்திரையை 75-லிருந்து 125 மைக்ரோகிராம் ஆக்கியும் டிஎஸ்ஹெச் இறங்கவில்லை. காலையில் மாத்திரை போட்டு 10 நிமிடத்தில் காபி குடிப்பேன்.

அந்த 10 நிமிடத்தில்தான் கோளாறு. உங்கள் மாத்திரையில் உள்ள லெவோதைராக்சின் மருந்தைக் குடல் சரியாக உறிஞ்சக் காபி விடாது. பாலின் கால்சியமும் தன் பங்குக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை. டிகாக்‌ஷன் பாட்டுக்கு இறங்கட்டும். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து டம்ளரைத் தொடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால், இரும்பு மதியச் சாப்பாட்டோடு, கால்சியம் இரவில். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் பான்டோப்ரசோல் போட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தாலும் தைராய்டு மாத்திரை சரியாகச் சேராது.

விடியற்காலைக் காபியை விடவே முடியாது என்பவர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம். ஒரு எச்சரிக்கை: இடைவெளி சரியானதும் இதே 125 உங்களுக்கு அதிகமாகிவிடலாம். 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள்.

கே: முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தொடவே கூடாதாமே?

வேகவைத்துப் பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடலாம். பச்சையாக அரைத்து தினம் ஜூஸ் குடிப்பதுதான் வேண்டாம். எடை குறைக்கவென்று மூன்று வேளையும் கம்பங்கூழ் குடிப்பவர்களைத்தான் தடுக்க வேண்டும். தைராய்டு வேலைக்குக் குறுக்கே நிற்கும் பொருள்கள் கம்பில் உண்டு. வாரத்தில் ஓரிரு நாள் போதும்.

கே: இந்துப்புக்கு மாறிவிட்டேன். நல்லதுதானே?

இந்துப்பில் போதிய அயோடின் கிடையாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை. கர்ப்பிணிக்கு இன்னும் கூடுதல். சாதாரண அயோடின் உப்பே போதும். அதற்காகக் கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், அதிக அயோடின் இந்த நோயைக் கிளறிவிடும்.

கே: கோதுமையை நிறுத்தினால் எடை குறையுமா?

சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது) இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக வருகிறது. நிறுத்துவதற்கு முன்பே, சீலியாக்கைக் கண்டறியும் ‘டிடிஜி’ ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விட்டபின் செய்தால், நோய் இருந்தும் இல்லையென்று காட்டலாம். சீலியாக் இல்லையென்றால், சப்பாத்தியை விட்டுவிட்டு எண்ணெய் சுற்றி ஊற்றிய மூன்று தோசைக்குப் போவதில் என்ன லாபம்?

கே: அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

எண்ணெய் டின்னிலிருந்து. நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, ஏறத்தாழ 275 கலோரி. அதைப் பாதியாக்கினால் சோற்றில் கை வைக்காமலே 135 கலோரி மிச்சம். பிறகு தட்டு: சோறு ஒரு கப், அதாவது 150 கிராம், சுமார் 200 கலோரி. காய் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், சுண்டல், தயிர் என ஏதாவது ஒரு புரதம். ஒரேயடியாகப் பட்டினி கிடந்தால் உடம்பு டி3 என்ற தைராய்டு ஹார்மோனைக் குறைத்துச் செலவைச் சுருக்கிக்கொள்ளும், ஏற்கெனவே உள்ள சோர்வு இரட்டிப்பாகும். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் நல்ல வேகம்தான்.

கே: முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறேன். இந்த முறை டிஎஸ்ஹெச் திடீரென்று குறைவாக வந்திருக்கிறது. அளவைக் குறைக்கலாமா?

அவசரப்படாதீர்கள். சில லேப் முறைகளில் பயோட்டின் டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும், தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டும். குறைந்தது 2 நாள் அதை நிறுத்திவிட்டு மறுபடி கொடுங்கள். அன்றைய தைராய்டு மாத்திரையை, ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.