ஜனவரியில் தொடங்காத வருடம்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். மாமியார் பெயரில் மூலத்தரைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் தென்னந்தோப்பு இருக்கிறது. காய் வெட்டு, ஆள் கூலி, தண்ணீர் முறை எல்லாம் என் தலையில்தான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு டைரி வாங்குகிறேன். இனாமாகவும் இரண்டு மூன்று வந்துவிடும். ஜனவரி முழுவதும் அழகான கையெழுத்தில் எழுதுவேன், பிப்ரவரியில் நின்றுவிடும். வெற்றுப் பக்கங்களைப் பார்த்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு டைரி ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

உடன் பணியாற்றும் தோழி ஜப்பானிலிருந்து ஒரு பிளானர் வரவழைத்திருக்கிறார். நாளுக்கு ஒரு பக்கம், மிக மெல்லிய தாள், கூடவே ஒட்டுவதற்குப் பூப்படங்கள். நாளுக்கு ஒரு பக்கம் இருந்தால்தான் ஒழுங்கு வரும் என்கிறார். கணவரோ, கைபேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார். 2026-க்கு நான் எதை வாங்கலாம்? வாங்கியபின் அதை எப்படித் தயார்செய்வது?

ஒரு வாசகி,
சித்தூர் தாலுகா, பாலக்காடு

*

அன்புள்ள டீச்சர்,

குற்ற உணர்ச்சியை முதலில் அந்த டைரிகளோடு சேர்த்துப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். பிப்ரவரியில் டைரி நின்றுபோவதற்குக் காரணம் உங்கள் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் வாழ்க்கையில் ஜனவரியில் தொடங்குவது என்ன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. வருமானவரிக் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. மாமியாருக்கு வருடம் பிறப்பது சித்திரையில், பக்கத்து வீட்டு மலையாளிக்குச் சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில். அவருடைய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1201 பிறந்தது 2025 ஆகஸ்டில், 1202 பிறப்பது 2026 ஆகஸ்டில். தோப்புக்கு வரும் தண்ணீருக்கும் தனி வருடம் உண்டு. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு அளந்து விட வேண்டிய 7.25 டி.எம்.சி.யின் கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ஜனவரியில் உங்களுக்குப் புதிதாக வருவது இனாம் டைரி மட்டும்தான்.

பாதி நடந்துகொண்டிருக்கும் வருடத்துக்கு நடுவில் நின்று புது வருடத் தீர்மானங்களை எழுதினால் அவை பிப்ரவரிவரை தாக்குப்பிடிப்பதே பெரிது. அதிலும் நீங்கள் ஆசிரியை. பிப்ரவரி, மார்ச் என்றால் ஆண்டுத் தேர்வு, விடைத்தாள், மதிப்பெண் பட்டியல். அந்த நேரத்தில் யார் டைரி எழுதுவார்கள்?

அதனால் என் யோசனை: 2026-க்கு டிசம்பரில் எதுவும் வாங்காதீர்கள். பிளானரை ஜூன் 1-இல் தொடங்குங்கள். வழக்கம்போல அன்றைக்கே பள்ளி திறந்தால், இந்த முறை அது திங்கட்கிழமை. வாரத்தின் முதல் நாளும் கல்வியாண்டின் முதல் நாளும் ஒரே பக்கத்தின் தலையில் உட்காரும். இப்படி எல்லா வருடமும் அமையாது.

அதுவரைக்கும்? அலமாரியில் கிடக்கும் அந்த 2015 டைரியின் உறையைப் பிரியுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. 2015 ஜனவரி 1 வியாழக்கிழமை, 2026 ஜனவரி 1-உம் வியாழக்கிழமை. இரண்டும் லீப் வருடமல்ல. ஆகவே வருடம் முழுவதும் ஒரு தேதிகூடக் கிழமை மாறாது. அச்சிட்டிருக்கும் பண்டிகை நாட்களில் ஓணம், தீபாவளி எதையும் நம்பாதீர்கள். சுதந்திர தினத்தையும் காந்தி ஜெயந்தியையும் நம்பலாம். 2026-ஐத் தவறவிட்டால் அந்த டைரிக்கு அடுத்த வாய்ப்பு 2037-இல்தான்.

அதில் எல்லாப் பக்கத்திலும் எழுத வேண்டாம். திங்கட்கிழமைப் பக்கத்தில் மட்டும் அந்த வாரம் முழுவதற்கும் எழுதுங்கள். மற்ற ஆறு பக்கங்களையும் சந்தைப் பட்டியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மே 31 வரை ஏறக்குறைய இருபத்திரண்டு வாரங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம் உங்களுக்குப் போதுகிறதா, இடம் போதவில்லையா, எந்த நாட்களில் நெரிசல் என்பது அதற்குள் தெரிந்துவிடும். காசு கொடுத்து வாங்குமுன் இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

இனி உங்கள் தோழியின் கட்சி. நாளுக்கு ஒரு பக்கம் என்பது, நாள் எப்படிப் போகும் என்று காலையில் தெரியாதவர்களுக்கான வடிவம். மருத்துவப் பிரதிநிதி, வழக்கறிஞர், கல்யாண வேலை எடுத்துச் செய்பவர் போன்றவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் நாளைப் பள்ளியின் மணி ஏற்கெனவே துண்டுபோட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் டீச்சிங் மேனுவல் என்ற பாடக்குறிப்பு வேறு எழுதுகிறீர்கள். அதே நாளை இன்னொரு முறை ஒரு முழுப் பக்கத்தில் எழுதச் சொன்னால் கை மறுக்கத்தான் செய்யும். பக்கம் காலியாக இருப்பது அப்போது குறையாகத் தெரியும். ஒரு நாள் விட்டால் ஒரு வெற்றுப் பக்கம், ஒரு வாரம் விட்டால் ஏழு. வாரம் முழுவதும் எதிரெதிர் இரண்டு பக்கங்களில் விரியும் பிளானரில் இந்தத் தொல்லை இல்லை. செவ்வாய்க்கிழமை ஒன்றும் எழுதாவிட்டாலும் வியாழக்கிழமையின் வேலை கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்.

ஜப்பானியத் தாளைப் பற்றிக் கேட்டதால் ஒரு வார்த்தை. அங்கே புகழ்பெற்ற ஹோபோனிச்சி பிளானர் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வருகிறது. அதில் போடும் டோமோயே ரிவர் தாள் சதுர மீட்டருக்கு 52 கிராம்தான். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 கிராம். அவ்வளவு மெல்லிய தாளில் ஊற்றுப்பேனாவால் எழுதினாலும் மை மறுபக்கம் ஊறாது. வியப்பான தாள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊறாத மை மேலேயே நிற்கும், காயத் தாமதமாகும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில், காற்றே ஈரமாக இருக்கும் ஜூன் மாதத்தில், எழுதி மூடிவிட்டு மறுநாள் திறந்தால் எதிர்ப்பக்கத்திலும் உங்கள் கையெழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல இருக்கும். நீங்கள் பந்துமுனைப் பேனாவில் எழுதுபவர் என்றால் அந்தத் தாளுக்குக் கொடுக்கும் காசு முழுக்க வீண். பூப்படங்களைப் பற்றி எனக்கு விரோதமில்லை. தோழி ஒட்டட்டும்.

நீங்கள் வாங்க வேண்டியது தேதி அச்சிடாத, வாரம் விரியும் பிளானர். தேதியை நீங்களே எழுதுவீர்கள், அதனால் எந்த மாதத்திலும் தொடங்கலாம். அளவு ஏ5. ஏ4 தாளைச் சரிபாதியாக மடித்தால் ஏ5, அதாவது 148-க்கு 210 மில்லிமீட்டர். கல்வித்துறைச் சுற்றறிக்கை எதுவும் ஒரே மடிப்பில் உள்ளே போய்விடும். ஏ6 கைப்பைக்கு வசதி, ஆனால் தமிழ் எழுத்து அகலம் கேட்கும். 'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று எழுதுவதற்குள் வரி முடிந்துவிடும்.

கடையில் அட்டையைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துக் கையை எடுங்கள். தானாக மூடிக்கொண்டால் வேண்டாம். தாள்களைக் கட்டுக்கட்டாக மடித்து நூலால் தைத்திருந்தால் தட்டையாகக் கிடக்கும், வருடம் முழுவதும் தாங்கும். வெறும் பசையில் ஒட்டியது இரண்டாவது மழைக்காலத்தைப் பார்ப்பது அரிது. சுருள்கம்பி நன்றாகத்தான் விரியும், ஆனால் பள்ளிப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு வாரம் இருந்தால் கம்பி நசுங்கிப் பக்கம் திரும்பாது. கடைசிப் பக்கத்தின் மூலையில் உங்கள் பேனாவால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

தயார்செய்வதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பெரும்பாலோர் முதல் பக்கத்தில் இலட்சியங்களை எழுதித் தொடங்குகிறார்கள். நீங்கள் மற்றவர்கள் உங்களுக்காக முடிவுசெய்துவிட்ட நாட்களிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டில் இரண்டு மாநில விடுமுறைப் பட்டியல்கள் ஓடுகின்றன. ஜனவரி 2 மன்னத்து பத்மநாபன் பிறந்தநாளான மன்னம் ஜெயந்தி, உங்களுக்கு விடுமுறை, கோயம்புத்தூரில் வேலை நாள். யுகாதிக்குக் கணவர் வீட்டில் இருப்பார், நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள். பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடப்படும் ஆறு மாவட்டங்களில் பாலக்காடும் ஒன்று. ஆனால் அது ஒரு நாள், அவருக்கோ மாட்டுப் பொங்கலும் சேர்ந்து நீளும். ஓணத்துக்கு உங்களுக்குப் பத்து நாள் என்றால் கோவையில் ஒரு நாள் உள்ளூர் விடுமுறை, அதற்கும் ஈடாக ஒரு சனிக்கிழமை போய்விடும். சித்திரை ஒன்றும் விஷுவும் ஒரே நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 2022-இலும் 2023-இலும் புத்தாண்டு ஏப்ரல் 14-இல் வந்தது, விஷு 15-இல். இரண்டு மாநில அரசுகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, கேரள விடுமுறையை இடது ஓரத்திலும் தமிழக விடுமுறையை வலது ஓரத்திலும் எழுதுங்கள். இரண்டு ஓரத்திலும் எழுத்து விழும் நாட்கள்தான் குடும்பமாகப் பொள்ளாச்சிக்கோ பழனிக்கோ போகக்கூடிய நாட்கள். அவை எவ்வளவு குறைவு என்று பார்த்தால் இருவரும் ஒரு கணம் பேச்சிழந்து போவீர்கள்.

வங்கிக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. கேரள அரசு அலுவலகங்களுக்கு இரண்டாம் சனி மட்டும். ஒரு புள்ளி வைத்தால் போதும். மாமியார் ராகுகாலம் கேட்பார். அது கிழமையைப் பொறுத்தது, திங்கள் ஏழரை - ஒன்பது, சனி ஒன்பது - பத்தரை என்று ஏழு வரிகளை அட்டையின் உட்புறத்தில் ஒருமுறை எழுதினால் காலத்துக்கும் ஆகும்.

தென்னைதான் மாதக் கட்டங்களுக்குள் அடங்காது. 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஆறு வாரமும் மூன்று நாளும். ஜனவரி 10 சனிக்கிழமை வெட்டினால் அடுத்தது பிப்ரவரி 24 செவ்வாய், அதற்கடுத்தது ஏப்ரல் 10 வெள்ளி. ஒவ்வொரு முறையும் கிழமை நழுவிக்கொண்டே போகும். மாதக் காலண்டரில் இது பிடிபடாது, அதனால்தான் ஒவ்வொரு முறையும் மரம் ஏறுபவர் வந்து நின்றபிறகு கூலிப் பணத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு எட்டு வெட்டுத் தேதிகளையும் முன்கூட்டியே எண்ணிக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரத்தில் 'பணம் எடு' என்று எழுதிவையுங்கள். இந்த ஒரு வேலைக்காகவே பிளானர் வாங்கலாம் என்பேன்.

பேனாவால் எழுதுவது இவ்வளவுதான். தண்ணீர் முறை, பள்ளி ஆண்டு விழா, உறவினர் வருகை, எல்லாம் பென்சிலில். நம் ஊரில் ஹர்த்தாலுக்கும் இடம் வேண்டும். திடீர் ஹர்த்தால் கூடாது, ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அந்த ஏழு நாளில் ஓர் அழிரப்பர் நிறைய வேலை செய்யும்.

முடியாமல் போன வேலைகளுக்கு, புல்லட் ஜர்னல் என்ற முறையை 2013-இல் வெளியிட்ட ரைடர் கரோல் ஒரு நல்ல வழி சொல்கிறார். மாதக் கடைசியில் முடியாதவற்றை அடுத்த மாதத்துக்குக் கையால் திரும்ப எழுத வேண்டும். எழுதும் சிரமம்தான் அதில் உள்ள சூட்சுமம். 'ரேஷன் கார்டில் பெயர் திருத்தம்' என்று மூன்றாவது மாதமும் எழுத நேரும்போது ஒன்று அரசு இணையச் சேவைக்கான அக்ஷயா மையத்துக்குக் கிளம்புவீர்கள், அல்லது அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். கைபேசிப் பட்டியலில் அது பத்து வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். ஆனாலும் உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. மின்கட்டணம், கடன் தவணை, மாத்திரை நேரம் போல மணியடித்து நினைவூட்ட வேண்டியவற்றைக் கைபேசியிடமே விட்டுவிடுங்கள். தாளுக்கு மணியடிக்கத் தெரியாது.

வாங்கும் காலம் மே மாதம். தேதி அச்சிட்ட டைரிகள் டிசம்பரில் முழு விலைக்கு விற்கும், பொங்கல் தாண்டினால் விலை இறங்கிவிடும். தேதியில்லாதது பழசாவதில்லை, அதனால் அதற்கு அவசரமும் இல்லை, புத்தாண்டு விலை கொடுக்க வேண்டியதும் இல்லை. கோவையில் டவுன்ஹால் பக்கத்து எழுதுபொருள் கடைகளில் பார்க்கலாம். கணவரிடம் வாங்கிவரச் சொல்லாதீர்கள். திறந்து மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுமை அவருக்கு இருக்குமா என்பது சந்தேகம். விடுமுறையில் நீங்களே ஒரு நாள் போய் வாருங்கள்.

அன்புடன்.