வாடகைச் சராசரியை நம்பலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வீடு தேடுகிறோம். ஒரு தெருவில் சராசரி வாடகை 20 ஆயிரம் என்கிறார் புரோக்கர். குடியிருப்பவர்களைக் கேட்டால் 16-க்கு மேல் யாரும் சொல்லவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். தெருவில் 7 வீடுகள், வாடகை ஆயிரத்தில் 12, 13, 14, 14, 15, 16, 56 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 140, ஏழால் வகுத்தால் 20. ஆனால் 20 ஆயிரத்துக்கு அங்கே ஒரு வீடுகூட இல்லை பாருங்கள், கடைசியில் நிற்கும் அந்த ஒரு பங்களாதான் மொத்தத்தையும் மேலே இழுத்துவிட்டது. வாடகை, சம்பளம் மாதிரி விஷயங்களுக்கு இடைநிலை அளவைக் கேளுங்கள். ஏறுவரிசையில் எழுதி நடுவில் வருவதை எடுத்தால் போதும், இங்கே 14. பங்களா வாடகை ஒரு லட்சமானாலும் அது அசையாது.

அப்புறம் திட்ட விலக்கம். சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டுவது அது. பங்களாவோடு கணக்கிட்டால் சுமார் 14.7 ஆயிரம், அதை விட்டுவிட்டால் வெறும் 1.3 ஆயிரம்! அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பங்களாவை நீக்கிவிடாதீர்கள், அதுவும் உண்மையான வீடுதானே, தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, பல வருஷமாகக் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையும் இன்று காலியாகும் வீட்டின் வாடகையும் ஒன்றாக இருக்காது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான், அதை மட்டும் தனியாகத் திரட்டுங்கள்.