கடிதம்: டொமிசைல் எந்த நாடு?

வணக்கம் சார்,

சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். 1998இல் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தேன், பிறகு பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) கிடைத்தது. ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மனைவி இங்கேயே பிறந்தவர், சிங்கப்பூர்க் குடிமகள். மகனும் மகளும் குடிமக்கள்தான். மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். நான் மட்டும் இந்தியப் பாஸ்போர்ட். அம்மா ஊரில் என் தம்பியோடு இருக்கிறார்கள்.

உயில் எழுதலாம் என்று ஒரு வழக்கறிஞரிடம் போனேன். படிவத்தில் ‘டொமிசைல்’ என்று ஒரு கட்டம். ‘இந்தியா’ என்று எழுதினேன். “பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை, யோசித்து எழுதுங்கள்” என்றார். சிங்கப்பூர் என்று எழுதினால் என் இந்தியக் குடியுரிமை போய்விடுமா? ஊரில் அண்ணன் மகன் கல்லூரி சேர டொமிசைல் சான்றிதழ் வாங்கினானே, அதுவும் இதுவும் ஒன்றா? இவ்வளவு குழப்பம் என்றால் உயிலே எழுதாமல் விட்டுவிடலாமா? எப்படியும் எல்லாம் மனைவிக்குத்தானே போகும்?

சு.ம., ஈசூன்

அன்புள்ள சு.ம.,

பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அந்தக் கட்டத்தில் சிங்கப்பூர் என்று எழுதுவதால் உங்கள் இந்தியக் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது. 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமையை நீங்களாக விரும்பிப் பெறும்போதுதான் அது முடிவுக்கு வரும். நீங்கள் எங்கே நிலைத்து வாழ்கிறீர்கள் என்பதை அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

குடியுரிமை உங்களுக்கும் ஓர் அரசுக்கும் உள்ள உறவு. ஓட்டு, பாஸ்போர்ட், விசுவாசப் பிரமாணம் எல்லாம் அதில் வரும். டொமிசைல் உங்களுக்கும் ஒரு நாட்டின் சட்டத்துக்கும் உள்ள உறவு. நீங்கள் காலமானால் வங்கியில் இருக்கும் பணம் யாருக்கு எவ்வளவு, மணமுறிவு என்று வந்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம், இப்படிக் குடும்பத்துக்குள் நடக்கும் காரியங்களில் எந்த நாட்டுச் சட்டம் பேசும் என்பதை அது தீர்மானிக்கிறது. குடியுரிமை இரண்டு இருப்பவர்கள் உலகில் உண்டு, ஒன்றுகூட இல்லாதவர்களும் உண்டு. டொமிசைல் அப்படியில்லை. சிங்கப்பூரும் இந்தியாவும் பிரிட்டனிடமிருந்து பெற்ற சட்ட மரபில் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தே தீரும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கும்.

பிறக்கும்போது வருவது பிறவி டொமிசைல். அது பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை. பெற்றோர் முறைப்படி மணமானவர்கள் என்றால், குழந்தை பிறந்த வேளையில் தந்தையின் டொமிசைல் எதுவோ அதுவே குழந்தைக்கும். உங்கள் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் இங்கே கேகே மருத்துவமனையில் பிறந்திருக்கலாம். தாய் குடிமகள் என்பதால் பிறப்பாலேயே சிங்கப்பூர்க் குடிமகன். ஆனால் அவன் பிறந்தபோது உங்கள் டொமிசைல் இன்னும் இந்தியாவாகவே இருந்திருந்தால், பச்சைச் சட்டை போட்டு இந்த நாட்டுக்குச் சேவை செய்யும் அந்தப் பிள்ளையின் பிறவி டொமிசைல் இந்தியா!

பெரியவரான பிறகு அதை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு இரண்டு வேண்டும்: ஒரு நாட்டில் வந்து வாழ்வது, இனி இங்கேதான் என்ற முடிவான எண்ணம். முதலாவதை ஐசியும் (அடையாள அட்டை) மின்கட்டண ரசீதும் காட்டிவிடும். இரண்டாவது மனசுக்குள் இருப்பது. எத்தனை ஆண்டு வாழ்ந்தால் போதும் என்று எந்தக் கணக்கும் கிடையாது.

கிளாஸ்கோவில் பிறந்த ஜார்ஜ் போவி என்பவரின் வழக்கை இதற்கு எப்போதும் சொல்வார்கள். 1892இல் லிவர்பூலுக்குப் போனார். உடன்பிறந்தவர்களின் ஆதரவில் அங்கேயே இருந்து 1927இல் இறந்தார். இடையில் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி வந்து வாழவே இல்லை, தாயின் இறுதிச்சடங்குக்குக்கூட வர மறுத்தார். தன்னைப் புதைக்க லிவர்பூலிலேயே இடமும் ஏற்பாடு செய்துவைத்தார். அவர் எழுதிய உயில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி செல்லும், இங்கிலாந்துச் சட்டப்படி செல்லாது. வழக்கு அன்று இறுதி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. 1930இல் தீர்ப்பு: அவர் டொமிசைல் ஸ்காட்லாந்துதான். சோறு கிடைத்த இடத்தில் தங்கினார், கிளம்பச் சோம்பல்பட்டார், அவ்வளவே; லிவர்பூலைத் தன் நிலையான ஊராக்கிக்கொண்டதற்கு அத்தாட்சி போதவில்லை என்றார்கள். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள்! தீர்ப்பு எனக்கு ஏற்பில்லை. தனக்குப் புதைகுழி ஏற்பாடு செய்துகொண்ட மனிதனைவிட ஓர் ஊரில் நிலைத்துவிட்டவன் யார்? ஆனாலும் பிறவி டொமிசைல் எவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், அது மாறிவிட்டது என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பதற்கு இந்த வழக்கு இன்றும் நிற்கிறது.

இந்த ஒட்டுதலுக்கு இன்னொரு முகமும் உண்டு. நீங்களாகத் தேர்ந்துகொண்ட டொமிசைலை விட்டுவிட்டு வேறு எங்கும் நிலைக்காமல் இருக்கும் இடைக்காலத்தில் பிறவி டொமிசைல் தானாகத் திரும்பி வந்துவிடும். 1869இல் கர்னல் உட்னி என்பவரின் வழக்கில் முடிவானது இது. அவர் கடன்காரர்களுக்குப் பயந்து லண்டனை விட்டு பிரான்சுக்கு ஓடியவர். ஓடிய கணத்தில், பிறவி டொமிசைலான ஸ்காட்லாந்து அவரை மீண்டும் பிடித்துக்கொண்டது. நாளைக்கு நீங்கள் வேலை ஓய்வு பெற்று, பிஆரை விட்டுக்கொடுத்து, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கொஞ்ச காலம் இருந்து பார்க்கலாமே என்று கிளம்பினால் உங்களுக்கும் அதே கதைதான். ஊரில் கால் வைக்காமலே இந்திய டொமிசைல் உங்களிடம் வந்து சேரும்.

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த நாட்களில் என் மேசைக்கு ஒரு கட்டு நீல நிற ஏர்மெயில் கடிதங்கள் வந்தன. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து, பிஆராக இருந்து, உயில் எழுதாமல் இறந்துபோன ஒருவர் தன் தாய்க்கு எழுதியவை. மனைவியும் பிள்ளைகளும் இங்கே, தாய் ஊரில். அவர் டொமிசைல் கடைசிவரை இந்தியாதான், ஆகவே தாய்க்குப் பங்கு உண்டு என்பது தம்பியின் வாதம். அத்தாட்சி அந்தக் கடிதங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றே: ‘தை கழிந்ததும் மூட்டை கட்டிவிடுவேன், கவலைப்படாதீர்கள்.’ மனைவி தரப்பு வேறு காகிதங்களை வைத்தது. ஊரில் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார், இங்கே மூவறை வீட்டிலிருந்து ஐந்தறை வீட்டுக்கு மாறியிருந்தார். அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதி எழுதி எனக்கு மனசு கனத்துப்போனது. அது ஒரு மகனின் தீர்மானமா, தாய்க்குச் சொன்ன ஆறுதலா? அவர் உயிரோடு இருந்து கேட்டிருந்தால் அவராலேயே சொல்லியிருக்க முடியுமா? தீர்ப்புக்குக் காத்திராமல் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். அதற்குள் தாயும் மருமகளும் பேச்சுவார்த்தையை விட்டிருந்தார்கள்.

என்ன பங்குக்காக அந்தச் சண்டை? இங்கேதான் ‘எல்லாம் மனைவிக்குத்தானே’ என்ற உங்கள் கேள்வி வருகிறது. உயில் எழுதாமல் இறந்தவர்களின் சொத்தைப் பங்கிட சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி, இங்கே இருக்கும் வீடு, நிலம் ஆகியவற்றுக்கு இறந்தவரின் டொமிசைல் எதுவானாலும் சிங்கப்பூர்ச் சட்டம். வங்கிப் பணம், பங்குகள், நகை போன்ற அசையும் சொத்துக்கு அவர் இறந்தபோது டொமிசைல் எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டம்.

இப்போது உங்கள் குடும்பத்தை வைத்துப் பாருங்கள்: மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. டொமிசைல் சிங்கப்பூர் என்றால் வங்கிப் பணத்தில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகள் இருவருக்கும் சமமாக. பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கு ஒரு வெள்ளிகூட இல்லை. டொமிசைல் இந்தியா என்றால், நீங்கள் இந்து என்று வைத்துக்கொண்டால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அதில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குக் கால் பங்கு. எந்த வழியிலும் முழுப்பணமும் மனைவிக்குப் போகவில்லை. இந்திய வழியில் மனைவியின் பங்கு பாதியிலிருந்து காலாகக் குறைகிறது, சிங்கப்பூர் வழியில் அம்மா அடியோடு விடுபடுகிறார். (வாசிக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கு: 1967 சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. சிங்கப்பூர் டொமிசைல் உள்ள முஸ்லிம் ஒருவர் உயிலின்றி இறந்தால் பங்கீடு முஸ்லிம் சட்டப்படி.)

இந்தக் கணக்கில் சேராதவையும் உண்டு. ஈசூன் வீடு நீங்களும் மனைவியும் கூட்டு உரிமையாளர்களாக வாங்கியது என்றால், ஒருவருக்குப் பின் மற்றவருக்கு நேராகப் போய்விடும். பங்கு பிரித்து வாங்கியிருந்தால் அப்படிப் போகாது, எதற்கும் பத்திரத்தைப் பாருங்கள். மத்திய சேம நிதிப் பணம் உயிலில் அடங்காது, அது யாருக்கு என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு ரத்தாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் நிலத்துக்கு இந்தியச் சட்டம்தான்.

குடியுரிமைக்கும் டொமிசைலுக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. ஒரு நாடு புதிதாகப் பிறக்கும்போது ‘யார் நம்மவர்?’ என்று எதையாவது வைத்து முடிவு செய்தாக வேண்டும். இந்தியா டொமிசைலை வைத்தது. அரசியல் சட்டத்தின் 5ஆம் உறுப்பு, இந்தியாவில் டொமிசைல் இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகச் சொல்லி, அதற்கு மேல் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவர் பிறந்திருக்க வேண்டும், அல்லது ஐந்தாண்டு வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்றது. அப்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம்மவர்கள் கதி? இங்கேயே நிலைத்துவிட்டவர்களுக்கு 5ஆம் உறுப்பு உதவாது. அவர்களுக்காகவே 8ஆம் உறுப்பு: இந்தியாவில் பிறந்த தாய் தந்தையோ தாத்தா பாட்டியோ உள்ளவர்கள், தாம் வாழும் நாட்டிலுள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிந்துகொண்டால் இந்தியக் குடிமக்கள். சிங்கப்பூர் 1957இல் தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியபோது, வெளியே பிறந்து இங்கே வாழ்ந்தவர்களுக்கு வசித்த ஆண்டுகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் வைத்துக் கதவைத் திறந்தது. துறைமுகத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் உழைத்த நம் முன்னோர்களை அன்று இரண்டு நாடுகளும் ஒரே கேள்வி கேட்டன: நீ எங்கே நிலைக்கப்போகிறாய்? அந்தக் கேள்விக்கு அவர்கள் துணிந்து பதில் சொன்னதால்தான் உங்கள் மனைவி போன்றவர்கள் இங்கே குடிமக்களாகப் பிறந்தார்கள்.

இன்றைய சிங்கப்பூர்ச் சட்டத்திலும் அந்த முடிச்சு ஓரிடத்தில் தெரிகிறது. திருமணம், மணமுறிவு பற்றிய 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் என்ற சட்டம், அதன் காரியங்களுக்கு, சிங்கப்பூர்க் குடிமகனுக்கு டொமிசைல் சிங்கப்பூர் என்றே எடுத்துக்கொள்ளும், மாறாக நிரூபிக்கப்படும் வரை. அதே சாசனம், மணமானதாலேயே மனைவிக்குக் கணவனின் டொமிசைல் வந்துவிடும் என்ற பழைய விதியையும் எடுத்துப்போட்டது. ஆக உங்கள் மனைவியின் டொமிசைல் உங்களைக் கேட்டு முடிவாவதில்லை. நல்ல மாற்றம், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

அண்ணன் மகன் வாங்கிய சான்றிதழ் வேறு. இந்தியா முழுமைக்கும் ஒரே டொமிசைல்தான், தமிழ்நாட்டு டொமிசைல், கேரள டொமிசைல் என்று தனித்தனியாகக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் தெளிவாகச் சொன்னது. மாநிலங்கள் அந்தச் சொல்லைக் கல்லூரி இடங்களுக்காக, மாநிலத்தில் வசிப்பவர் என்ற பொருளில் பயன்படுத்துகின்றன. உங்கள் படிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி அந்தக் கட்டம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் உங்கள் டொமிசைல் சிங்கப்பூராக மாறிவிட்டது என்றே நினைக்கிறேன். மனைவி, பிள்ளைகள், வீடு, மகனின் தேசிய சேவை எல்லாம் அந்தப் பக்கம் நிற்கின்றன. ஆனால் நீங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது: ஓய்வுக்குப் பிறகு எங்கே? மனைவியோடு உட்கார்ந்து பேசி, ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் சிங்கப்பூர் என்று எழுதி, இங்கேயே நிலைத்து வாழ்வதாக ஒரு வரியை உயிலில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி மட்டும் வழக்கைத் தீர்க்காது, நீங்கள் வாழும் விதமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். இருந்தாலும் உங்கள் வாய்ச்சொல்லாக அது நிற்கும். ஒருநாள் ஊருக்கே போய்விடுவது என்று மனசு மாறினால் உயிலையும் திருத்துங்கள்.

உயில் எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதும்போது அம்மா பெயரை விடாதீர்கள். எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். ஆனால் தொகையையோ பங்கையோ எண்ணில் எழுதுங்கள், ‘தம்பி பார்த்துக்கொள்வான்’ என்று விட வேண்டாம். உங்களுக்கு முன்பே அம்மா தவறிவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு என்பதையும் அதே பத்தியில் எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.